பறக்கத் தடை உண்டு, அளக்கத் தடை இல்லை

திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் சமூகம், தன் பிள்ளையின் பொறியியல் செயல்திட்டத்திற்கு ஒரு பொருத்தமும் பார்ப்பதில்லை. மின்சாரத்தால் பறக்கும் மாதிரி விமானத்தில் பார்க்கவேண்டிய பொருத்தங்கள் பத்துகூட இல்லை. சுழற்றும் மோட்டார், காற்றைப் பின்னே தள்ளும் ப்ரொப்பெல்லர், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையே நின்று மின்சாரத்தை அளந்துவிடும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான ஈ.எஸ்.சி. ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்தால் விமானம் பறக்கும். இசையாவிட்டால் ஏதேனும் ஒன்று கருகும். கருகியது எது, ஏன் கருகியது என்ற கேள்விக்கு விடை எழுதத் தெரியாதவர் தாம் விமானம் செய்ததாகச் சொல்லிக்கொள்வது பொருந்தாது. வாங்கிய பொருள்களைத் திருகாணியால் இணைத்திருக்கிறார், அவ்வளவே.

இந்த இணைப்பு வேலைக்கு டெல்லியில் ஒரு பெயர் உண்டு: காம்போ. செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக்கின் வாயிலில் இருக்கும் லஜ்பத் ராய் சந்தையின் மின்னணுக் கடைகளில் கேட்டாலும், இணையக் கடைகளில் தேடினாலும், மாணவர் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஒரே தொகுப்புதான். ஏ2212 என்ற எண்ணுடைய 1000 கே.வி. மோட்டார், 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி., 1045 என்ற எண்ணுடைய ப்ரொப்பெல்லர். ஒரே பை, ஒரே விலை. நாற்சுழலி ட்ரோனுக்கும் இதுவே, இறக்கை விமானத்திற்கும் இதுவே. அரைக் கிலோ எடைக்கும் இதுவே, ஒன்றரைக் கிலோ எடைக்கும் இதுவே. ஊரிலுள்ள எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டையை விற்கும் தையற்காரரை எவரும் நம்பமாட்டார். விமான விஷயத்தில் மட்டும் அந்தச் சட்டையை வாங்கி, அதற்கேற்ப உடம்பைத் திருத்த முயல்கிறார்கள்.

கடைக்காரரைக் குறை சொல்வது எளிது, அது நியாயமாகாது. அவர் கேட்டதைக் கொடுக்கிறார். எந்த மோட்டார் எத்தனை முறை கருகித் திரும்பி வந்தது என்பது பல பேராசிரியர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். குற்றம், பொருத்தம் என்ற கேள்வியையே எழுப்பாமல் பட்டம் வழங்கும் கல்வி முறையுடையது. எண்ணைக் கண்டதும் அதை வலிமையின் அளவாக வாசித்துப் பழகிய வாசிப்பு முறையுடையது. இரண்டாவதை முதலில் பார்க்கலாம். ஏனெனில் இது கணக்குப் பிழையாகத் தோன்றினாலும், வேரில் ஒரு மொழிப் பிழை.

மோட்டாரின் உறையில் 1000 கே.வி. என்று அச்சிட்டிருக்கிறது. டெல்லியில் கே.வி. என்றால் முதலில் நினைவுக்கு வருவது கேந்திரிய வித்யாலயா. மின்னியல் படித்தவருக்குக் கிலோவோல்ட். மோட்டார் உறையில் அது இரண்டுமன்று. மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடும்போது, சுமையில்லாத மோட்டார் நிமிடத்திற்கு எத்தனை சுற்றுக் கூடுதலாகச் சுழலும் என்பதைக் குறிக்கும் மாறிலி அது. 1000 கே.வி. மோட்டாரை 11.1 வோல்ட் பேட்டரியில் இணைத்தால் ப்ரொப்பெல்லர் இல்லாத நிலையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 11,100 சுற்று. அது சொல்வது அவ்வளவுதான். வலிமையைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. மாறாக, கே.வி. ஏற ஏற ஓர் ஆம்பியர் மின்னோட்டத்திற்குக் கிடைக்கும் முறுக்குவிசை குறைகிறது. 9.55 என்ற எண்ணைக் கே.வி.யால் வகுத்தால் ஓர் ஆம்பியருக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது கிடைக்கும். 1000 கே.வி.க்கு 0.00955, 2000 கே.வி.க்கு அதில் பாதி. ஆகவே “அதிகக் கே.வி., அதிகச் சக்தி” என்று மாணவர் விடுதிகளில் உலவும் வாய்பாடு பிழையானது. 50 கிராம் மோட்டாருக்கும் 1000 கே.வி. இருக்கலாம், 110 கிராம் மோட்டாருக்கும் அதே 1000 கே.வி. இருக்கலாம். எண் ஒன்று, சுமக்கும் திறன் வேறு.

ஈ.எஸ்.சி.யின் மேல் இருக்கும் 30 ஆம்பியரும் இவ்வாறே திரித்து வாசிக்கப்படுகிறது. 30 ஆம்பியர் கருவி 30 ஆம்பியரை மோட்டாருக்குள் செலுத்தும் என்று ஒரு சாராரும், 30 ஆம்பியருக்குள் மோட்டாரைக் காக்கும் என்று மறு சாராரும் நம்புகிறார்கள். இரண்டும் தவறு. பாலத்தின் தொடக்கத்தில் பத்து டன் என்று எழுதியிருந்தால், பாலம் லாரியின் மேல் பத்து டன் ஏற்றும் என்று பொருளாகாது. லாரியின் அச்சு ஒடியாமல் பாலம் காக்கும் என்றும் பொருளாகாது. பாலம் தாங்கும் எல்லை அது. எத்தனை ஆம்பியர் ஓடும் என்பதை மின்னழுத்தமும் மோட்டாரும் ப்ரொப்பெல்லரும் சேர்ந்து முடிவு செய்கின்றன. “வேகக் கட்டுப்பாட்டுக் கருவி” என்ற பெயரும் பாதிதான் உண்மை. பேட்டரியின் மின்னழுத்தத்தில் எத்தனை பங்கு மோட்டாருக்குச் சேரவேண்டும் என்பதை மட்டுமே அது கட்டுப்படுத்துகிறது. அந்தப் பங்கில் மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுழலும் என்பது ப்ரொப்பெல்லரின் சுமையைப் பொறுத்தது.

ப்ரொப்பெல்லரின் 1045 என்பது 10 அங்குல விட்டம், 4.5 அங்குலப் புரியிடை. புரியிடை என்பது, திருகாணி மரத்தில் இறங்குவதுபோல ஒரு சுற்றில் ப்ரொப்பெல்லர் கொள்கையளவில் முன்னேறும் தொலைவு. ஒரு சொல்லின் பொருளை வாக்கியமே உறுதி செய்கிறது என்பது மொழியியலின் அரிச்சுவடி. “படி” என்ற சொல் தனித்து நின்றால் அது வாசிப்பதையா, மாடிக்கு ஏறுவதையா, அளக்கும் பாத்திரத்தையா குறிக்கிறது என்று சொல்ல முடியாது. கே.வி., ஆம்பியர், புரியிடை ஆகிய எண்களும் இத்தகையவே. அடுத்த உறுப்போடு சேரும்போதுதான் அவற்றிற்குப் பொருள் பிறக்கிறது. காம்போ என்ற பை, இந்தச் சேர்க்கையை வாங்குபவரின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. வாக்கியத்தை எழுதவேண்டிய மாணவர், மூன்று சொற்களை ஒரு பையில் போட்டு வாங்கிவந்து வாக்கியம் என்று ஒப்படைக்கிறார்.

இதன் விளைவை ஒரு சாதாரணக் கணக்கில் காட்டலாம். இறுதியாண்டு மாணவர் குழு 1.2 கிலோ எடையில், 0.3 சதுர மீட்டர் இறக்கைப் பரப்பில் ஒரு பயிற்சி விமானம் செய்வதாகக் கொள்வோம். இத்தகைய விமானத்திற்குக் கிலோவுக்கு 150 முதல் 200 வாட் வரை தேவை என்பது மாதிரி விமானத் துறையில் நெடுங்காலமாக வழங்கும் கைக்கணக்கு. ஆகவே ஏறத்தாழ 200 வாட் வேண்டும். ஏ2212 மோட்டாரின் தரவுத்தாள்களில் பொதுவாகக் காணப்படும் எல்லை 12 ஆம்பியர், அதுவும் 60 விநாடிக்கு மட்டும். மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரியில் அது ஏறத்தாழ 130 வாட். கிலோவுக்கு 110 வாட் என்பது, மோட்டார் துணையுடன் மிதக்கும் கிளைடருக்குப் போதும். பயிற்சி விமானம் அதில் எழும்பத் திணறும்.

திணறும்போது மாணவர் செய்வது என்ன? பெரிய ப்ரொப்பெல்லர் மாட்டுகிறார். 10 அங்குலத்திலிருந்து 11 அங்குலம். ஓர் அங்குலம்தானே என்கிறார். ப்ரொப்பெல்லர் விழுங்கும் திறன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 1.1 என்ற எண்ணை ஐந்து முறை பெருக்கினால் 1.61. அதாவது அதே சுழற்சி வேகத்தில் 61 விழுக்காடு கூடுதல் திறன் வேண்டும். சுமை கூடும்போது சுழற்சி சற்றுக் குறையும் என்பதால் உண்மை ஏற்றம் இதைவிடச் சிறிது தாழ்வாக இருக்கும். ஆயினும் 12 ஆம்பியர் இருந்த இடத்தில் 17, 18 ஆம்பியர் ஓடும். செப்புச் சுற்றில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இரண்டாம் அடுக்கில் ஏறுவதால், ஒன்றரை மடங்கு மின்னோட்டம் இரண்டேகால் மடங்கு வெப்பமாகிறது. 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. இதையெல்லாம் உணராமல் குளிர்ந்தே இருக்கும். அதன் எல்லை இன்னும் வெகுதூரம். மோட்டாரின் எல்லை எப்போதோ கடந்துவிட்டது. காப்பாகக் கருதி வாங்கிய கருவியின் கண் முன்னேயே மோட்டார் கருகுகிறது.

மூன்று செல்லுக்குப் பதில் நான்கு செல் பேட்டரி மாட்டுவோர் மற்றொரு வகை. மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடும். சுழற்சியும் அதே அளவில் கூடினால், ப்ரொப்பெல்லரின் திறன் மூன்றாம் அடுக்கில் ஏறி 2.37 மடங்காகும், மின்னோட்டம் 1.78 மடங்காகும். 12 ஆம்பியர் 21 ஆகும். “ஒரு செல்தான் கூட்டினோம்” என்ற வாக்கியத்தில் உள்ள “தான்” என்ற இடைச்சொல்லின் விலை ஒரு மோட்டார்.

இதைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. 10 அங்குல விட்டமும் 4.5 அங்குலப் புரியிடையும் கொண்ட ப்ரொப்பெல்லர், நின்ற இடத்தில் மிதக்கும் நாற்சுழலிக்கு உகந்தது. நிமிடத்திற்கு 8,000 சுற்றில் அதன் புரிவேகம் விநாடிக்கு 15 மீட்டர் அளவே. மேற்சொன்ன பயிற்சி விமானம் காற்றில் நிற்கும் திறனை இழந்து விழும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 8 மீட்டர். புரிவேகம் இந்த வீழ்வேகத்தைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு இருப்பது நல்லது என்பது அனுபவ விதி. இங்கே இரண்டு மடங்குகூட இல்லை. தராசில் வைத்து இழுவிசை பார்த்தால் எண் மிக அழகாக வரும். மாணவரும் மகிழ்வார், ஆசிரியரும் மகிழ்வார். விமானம் வேகமெடுக்கத் தொடங்கியதும் அந்த இழுவிசை கரைந்துபோகும். நின்ற இடத்தில் இழுப்பது வேறு, ஓடிக்கொண்டே இழுப்பது வேறு. செக்கு மாட்டையும் வண்டி மாட்டையும் பிரித்தறிந்த மக்களுக்கு இது புதிய செய்தியன்று.

முறையான வழி இதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. முதலில் விமானத்தின் எடை. எடையிலிருந்து வாட். வாட்டிலிருந்து மின்னழுத்தமும் ஆம்பியரும். விமானத்தின் வேகத்திலிருந்து புரியிடை. தரைக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள உயரத்திலிருந்து விட்டத்தின் எல்லை. தேவையான சுழற்சியிலிருந்து கே.வி. கடைசியில் அந்த ஆம்பியரைச் சுமக்கும் மோட்டார், அதற்குமேல் கால் பங்கு கூடுதல் தாங்கும் ஈ.எஸ்.சி. மேற்சொன்ன விமானத்திற்கு இவ்வழியில் கிடைக்கும் விடை இது: 10 அங்குல விட்டம், 7 அங்குலப் புரியிடை, 8,000 சுற்று, 20 ஆம்பியருக்கு அருகில், 40 ஆம்பியர் வரை செல்லாமல் 25 அல்லது 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. சுமையில் மோட்டார் தன் வெற்றுச் சுழற்சியில் முக்கால் பங்கிற்குச் சற்று மேல் சுழலும் என்று கொண்டால், வேண்டிய கே.வி. ஏறத்தாழ 1000. அதே ஆயிரம்! ஈ.எஸ்.சி.யும் அதே முப்பது! காம்போ மோட்டாரின் எண்ணும் கணக்கிட்ட மோட்டாரின் எண்ணும் ஒன்றே. ஆனால் கணக்கிட்ட மோட்டார் இரண்டு மடங்கு எடையுடையது, இரண்டு மடங்கு மின்னோட்டம் சுமப்பது. உறையிலுள்ள எண்ணை மட்டும் வாசித்தவருக்கு இந்த வேறுபாடு ஒருபோதும் தெரியாது. தாலி செய்துவைத்துவிட்டு அதற்கேற்ற பெண்ணைத் தேடுவதுபோல, மோட்டாரை வாங்கிவிட்டு விமானத்தைத் தேடுவோருக்கு இந்த வழி திறப்பதேயில்லை.

தரவுத்தாளைப் படித்தவரும் டெல்லியில் ஏமாறுவார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மலிவு விலை மோட்டாரின் தரவுத்தாள் அறை வெப்பநிலையை மனத்திற்கொண்டு எழுதப்படுவது. டெல்லியின் மே மாதம் அறையன்று. சாதாரணத் தர நியோடிமியம் காந்தம் தாங்கும் உச்சம் ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ். அதைத் தாண்டினால் காந்தம் தன் வலிமையை நிரந்தரமாக இழக்கக்கூடும். 20 பாகையில் தொடங்கும் மோட்டாருக்கு 60 பாகை இடமிருக்கிறது. 45 பாகையில் தொடங்கும் மோட்டாருக்கு 35 மட்டுமே. பாதுகாப்பு எல்லையில் ஏறத்தாழ பாதி, மோட்டார் சுழலத் தொடங்கும் முன்பே வெயிலில் போய்விட்டது. மறுபக்கம் சனவரி. 45 பாகைக் காற்றைவிட 5 பாகைக் காற்று ஏறத்தாழ 14 விழுக்காடு அடர்த்தி மிக்கது. அதே ப்ரொப்பெல்லர் அதே சுழற்சியில் அந்த அளவு கூடுதலாக இழுக்கும், அந்த அளவு கூடுதலாக மின்சாரமும் குடிக்கும். கோடையில் எல்லைக்குள் நின்ற இணை, பனிக்காலக் காலையில் எல்லையைத் தாண்டலாம். ஒரே நகரத்தில், ஒரே ஆண்டில், ஒரே விமானத்திற்கு இரண்டு பொருத்தம் பார்க்கவேண்டியிருக்கிறது. காம்போ பையில் எந்த மாதத்திற்கு என்று எழுதப்பட்டிருப்பதில்லை.

இவ்விடத்தில் வழக்கமான மறுப்பு எழும்: டெல்லியில் எங்கே பறக்கவிட்டுப் பார்ப்பது? மறுப்பில் உண்மை உண்டு. குடியரசுத் தலைவர் மாளிகையும் நாடாளுமன்றமும் பன்னாட்டு விமான நிலையமும் உள்ள நகரம் இது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்தபோது தலைநகரின் மையப் பகுதிக்குச் சிவப்பே வாய்த்தது. அதற்கும் மேல், குடியரசு நாளும் விடுதலை நாளும் நெருங்கும்போது பாராகிளைடர், சூடான காற்று பலூன், தொலைவிலிருந்து இயக்கும் விமானம் என எதுவும் எழக்கூடாது என்று ஆண்டுதோறும் காவல்துறை ஆணையிடுகிறது. அந்தத் தடைகளுக்குக் காரணம் உண்டு. அவற்றை மீறச் சொல்வது இப்பதிவின் நோக்கமன்று.

ஆனால் பறக்கத் தடையுள்ள நகரமே, அளந்து பார்க்கும் பழக்கத்திற்கு மிகப் பொருத்தமான நகரம். பறக்கவிட்டுப் பார்த்துத் திருத்தும் வசதி உள்ள ஊரில் அளக்காதவருக்குச் சாக்கு இருக்கலாம். டெல்லியில் அந்தச் சாக்கும் இல்லை. மோட்டாரை ஒரு மேசையில் இறுகப் பிணைக்கலாம். பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவே வாட் மீட்டர் வைக்கலாம். சமையலறைத் தராசு இழுவிசை காட்டும். ஒளியால் சுற்று எண்ணும் கருவி சுழற்சியைக் காட்டும். அகச்சிவப்பு வெப்பமானி மோட்டாரின் சூட்டைக் காட்டும். இவற்றில் எதுவும் அரிய ஆய்வகக் கருவியன்று. கருகிய மோட்டார்களுக்கும் ஈ.எஸ்.சி.களுக்கும் செலவிட்ட பணத்தில் இவையெல்லாம் வந்துவிடும். ப்ரொப்பெல்லர் சுழலும் தளத்திற்கு நேரே எவரும் நிற்காமல் பார்த்துக்கொள்வது மட்டும் கட்டாயம். 8,000 சுற்றில் விலகிப் பறக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு கண்ணைப் பறிக்கப் போதும். இந்த மேசைக்கு எந்த வண்ண மண்டலமும் இல்லை, எந்தக் காவல் ஆணையும் இல்லை.

அளவீட்டையும் கண்மூடி நம்பலாகாது. 2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூரில் 52.9 பாகை செல்சியஸ் பதிவானது என்ற செய்தி நாடெங்கும் பரவியது. பின்னர் அந்த உணரி 3 பாகை கூடுதலாகக் காட்டியது என்று இந்திய வானிலை ஆய்வுத் துறையே ஆராய்ந்து தெரிவித்தது. எண் பரவிய வேகத்தில் திருத்தம் பரவவில்லை. தராசின்மேல் முதலில் அரைக்கிலோ எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்த பிறகே மோட்டாரின் இழுவிசையை அளக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தலைநகரில் கிடைக்காது.

அடுத்த மறுப்பு: இணையத்தில் கணிப்பான்கள் இருக்கின்றன, எண்களைக் கொடுத்தால் விடை வருகிறது, பிறகு மேசை எதற்கு? கணிப்பான் நல்ல கருவி. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மார்க் ட்ரெலா எழுதிய க்யூப்ராப் என்ற நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. இலினாய் பல்கலைக்கழகம் சிறு ப்ரொப்பெல்லர்களைக் காற்றுச் சுரங்கத்தில் அளந்து, முடிவுகளை யாவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டிருக்கிறது. ஆனால் கணிப்பானுக்குக் கொடுக்கும் மோட்டாரின் மின்தடையும் வெற்றோட்டமும் உறையில் அச்சிட்டபடியே கையிலுள்ள மோட்டாரில் இருக்கின்றனவா என்பதை எந்த நிரலாலும் சொல்ல முடியாது. கணிப்பு ஒரு கருதுகோள். மேசை அதன் சோதனை. கருதுகோளையே முடிவாக எழுதி ஒப்படைக்கும் ஆய்வேட்டை எந்தத் துறையும் ஏற்கக்கூடாது, பொறியியல் துறை ஒருபோதும் ஏற்கக்கூடாது.

மூன்றாவது மறுப்பு சற்று நியாயமானது: முதன்முதலாகத் தொடும் பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு இவ்வளவு கணக்கா? வேண்டியதில்லை. காம்போவில் ஒரு நுரைப்பலகை விமானம் எழும்பினால் அவள் மகிழட்டும். மகிழ்ச்சிதான் முதல் பாடம். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் அமைத்தல் பயிற்சியாக இருப்பதும் இந்த ஆர்வத்தை வளர்க்கத்தான். ஆனால் பட்டத்திற்கான செயல்திட்டம் முதல் பாடமன்று. அங்கே காம்போ வாங்கி இணைத்து, பின்புலத்தில் இசை சேர்த்த ஒரு நிமிடக் காணொளியைக் காட்டி, “உள்நாட்டுத் தொழில்நுட்பம்” என்று அட்டையில் அச்சிட்டு மதிப்பெண் வாங்குவது, பதின்மூன்று வயதுச் சிறுமியின் மகிழ்ச்சிக்கும் இழுக்கு. மதிப்பிடுவோர் கேட்கும் கேள்வி “பறந்ததா?” என்பது. கேட்கவேண்டிய கேள்வி “ஏன் இந்த ப்ரொப்பெல்லர்?” என்பது. அமெரிக்காவின் எஸ்.ஏ.ஈ. ஏரோ டிசைன் போட்டியில் ரெகுலர் பிரிவுக்கு 1000 வாட் என்ற உச்ச வரம்பு பல ஆண்டுகள் இருந்தது. எல்லோருக்கும் ஒரே வாட் என்றானபின், எடை தூக்குவதில் வெல்பவர் பெரிய மோட்டார் வாங்கியவரல்லர். அந்த வாட்டை இழுவிசையாக மாற்றும் இணையைத் தேடி அளந்தவர். விதியின் ஒரு வரி, செல்வத்தின் போட்டியைப் பொருத்தத்தின் போட்டியாக மாற்றிவிட்டது. அவ்வாறான ஒரு வரியை எழுத எந்தக் கல்லூரிக்கும் அரசாணை தேவையில்லை.

உள்நாட்டுத் தொழில்நுட்பம் என்ற சொல்லையும் நேராக எதிர்கொள்ளவேண்டும். 2022 பிப்ரவரி 9 அன்று இந்திய அரசு, முழுமையாகவோ பிரித்த நிலையிலோ வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்வதைத் தடை செய்தது. ஆய்வு, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்கே விலக்கு. உதிரிப் பாகங்களுக்குத் தடையில்லை. அதற்குச் சில நாள்களுக்கு முன்னர்தான், சனவரி 29 அன்று, ஐ.ஐ.டி. டெல்லியில் முளைத்த இளம் நிறுவனம் ஒன்று ஆயிரம் ட்ரோன்களை விஜய் சௌக்கின் வானத்தில் ஒளிரவிட்டது. அந்த ஒளியைப் பார்த்துக் கைதட்டியவர்கள் பலர். ஆயிரமும் தம் இடத்தில் அசையாது நிற்க எத்தனை மேசைகளில் எத்தனை இரவுகள் அளந்திருக்கவேண்டும் என்று எண்ணியவர்கள் சிலர். தடைக்குப் பின் எழுந்த பல விளம்பரங்கள் கைதட்டலை மட்டும் எடுத்துக்கொண்டன. மோட்டார் இறக்குமதி ஆகலாம், ஈ.எஸ்.சி. இறக்குமதி ஆகலாம், காந்தத்தின் கனிமம்கூட இறக்குமதி ஆகலாம். இந்த எடைக்கு, இந்த வெயிலுக்கு, இந்தக் காற்றுக்கு எது பொருந்தும் என்ற அறிவு மட்டும் எந்தக் கப்பலிலும் வராது. அதையும் உருவாக்காத இடத்தில் உள்நாடு என்ற சொல்லுக்கு எஞ்சியிருப்பது அட்டைப் பெட்டி மட்டுமே.

இது கல்லூரி மதிப்பெண்ணோடு முடியும் சிக்கலன்று. 2023 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதலளித்த நமோ ட்ரோன் தீதி திட்டம், 1,261 கோடி ரூபாயில் 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன்களை வழங்க முன்வந்தது. மின்பொருள் பழுதுபார்ப்பில் நாட்டமுள்ள மற்றோர் உறுப்பினருக்கும் பயிற்சி அளிக்கவேண்டும் என்பது அத்திட்டத்தின் விதிகளுள் ஒன்று. விதியை வகுத்தவர்கள் சிக்கலைச் சரியாகவே கண்டிருக்கிறார்கள். வயலில் ஒரு ப்ரொப்பெல்லர் ஒடிந்தால், அதே அளவு கிடைக்காதபோது, ஓர் அங்குலம் பெரிதான வேறொன்றை மாட்டலாமா? மாட்டக்கூடாது என்பது மனப்பாடம். ஐந்தாம் அடுக்கு என்ன செய்யும் என்று அறிந்து மறுப்பது அறிவு. முன்னது பயிற்சி முடிந்த மறுவாரம் மறந்துபோகும், பின்னது நிலைக்கும். அந்தப் பெண்ணுக்குக் கற்பிக்கப்போகிறவர், இன்று காம்போ வாங்கிப் பட்டம் பெறும் இதே மாணவர்தான்.

அவர் எந்த மொழியில் கற்பிப்பார் என்பது இறுதிக் கேள்வி. அண்ணா பல்கலைக்கழகம் 2010இலேயே கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2021 முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு பல இந்திய மொழிகளில் பொறியியலை ஊக்குவித்துவருகிறது. நல்லதே. ஆனால் அறிவியல் தமிழ் பற்றிய வாதங்கள் இன்றும் பெயர்ச்சொல்லிலேயே சிக்கிக் கிடக்கின்றன. ப்ரொப்பெல்லரை உந்துசுழலி என்பதா, முற்செலுத்தி என்பதா, காற்றாடி என்பதா என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடலாம். அந்த வழக்கு முடிந்த பிறகும் ஒரு மோட்டாரும் கருகாமல் தப்பாது. தப்பவைப்பது பெயர் அன்று, வாக்கியம்: “விட்டம் சிறிது கூடினாலும் மின்னோட்டம் மிகக் கூடும்.” “கே.வி. ஏறினால் ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்கு குறையும்.” “ஈ.எஸ்.சி.யின் எண் அது தாங்குவது, தருவதன்று.” இவற்றைச் சொல்லத் தமிழில் எந்தச் சொல்லும் குறையவில்லை, இந்தியிலும் குறையவில்லை. குறைந்திருப்பது இவற்றை எழுதும் பழக்கம். கடன்சொல்லோடு எழுதிய சரியான வாக்கியம், தூய சொல்லால் எழுதாமல் விட்ட வாக்கியத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் ‘ரேடியோ குயீன்’ என்ற மாதிரி விமானத்தை மின்மோட்டாரால், வானொலிக் கட்டுப்பாட்டில் பறக்கவிட்டார். வெள்ளி-துத்தநாக பேட்டரியும் கனத்த மோட்டாரும்தான் அவரிடம் இருந்தன. காம்போ என்ற பை அன்று எந்தச் சந்தையிலும் இல்லை. மிச்சமில்லாத வாட்டை வைத்துக்கொண்டு பறக்கவேண்டியிருந்ததால் பொருத்தம் பார்க்காமல் வழியில்லை. இன்று வாட் மலிந்துவிட்டது. மலிந்ததால் பொருத்தம் மறந்துவிட்டது.

ஆகவே கோரிக்கை ஒன்றே. எந்தக் கல்லூரியும் மின்விமானச் செயல்திட்டத்தை ஓர் அட்டவணை இல்லாமல் ஏற்கக்கூடாது. கால், அரை, முக்கால், முழு விசை ஆகிய நான்கு நிலைகளில் மின்னழுத்தம், மின்னோட்டம், சுழற்சி, இழுவிசை, மோட்டாரின் வெப்பம். அளந்த நாள், அன்றைய காற்றின் வெப்பநிலை. அதன் கீழே, இந்த மூன்று உறுப்புகளை ஏன் தேர்ந்தோம் என்று மாணவர் தம் சொந்த மொழியில் எழுதிய ஒரு பக்கம். காணொளி வேண்டாம், அட்டைப்படம் வேண்டாம். அந்த ஒரு பக்கத்தை எழுத முடிந்தவருக்குப் பட்டம் கொடுக்கலாம். முடியாதவரிடம் காம்போவின் ரசீதைத் திருப்பிக் கொடுத்து, மேசையைக் காட்டலாம்.